அம்பும் இறகும் பசையும்



வில்லையும் அம்பையும் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் எண்ணம் முதலில் வில்லின் வலிமையைப் பற்றியே செல்லும். அடுத்து அம்பின் கூர்முனையிற் சென்று நிற்கும். வில்லை வளைத்த வீரனைப் பாடிய கவிஞர் பலர். அம்பின் முனையை வடித்த கொல்லனுக்கும் ஓரளவு புகழ் உண்டு. ஆனால் அம்பின் வாலிலே மூன்று இறகுகளை ஒட்டி வைத்தவனை நினைப்பவர் சிலர். அந்த இறகுகளைப் பிடித்து நிறுத்தும் பசையை நினைப்பவரோ அவரினும் சிலர். இன்று நாம் அந்தப் பசையைப் பற்றியே சிந்திப்போம்.

‘இஃது ஒரு பெரிய பொருளா?’ என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கேள்வியை மட்டும் முன் வைக்கிறேன். நன்றாகச் செதுக்கி, நேராக்கி, வார்னிஷ் பூசி, பளபளவென்று உலர்த்தி வைத்த மரத்தாலான ஓர் அம்புக்கோல் உங்கள் கையில் இருக்கிறது. அதன் மேல் இறகை ஒட்ட வேண்டும். எந்தப் பசையைத் தேர்ந்தெடுப்பீர்கள்? ‘மரத்தை ஒட்டும் பசை எதுவோ அதுவே’ என்பது பெரும்பாலோர் சொல்லும் விடை. அந்த விடை தவறு. அது ஏன் தவறு என்று தெரிந்துகொண்டால், அம்புக்கு மட்டுமன்றி, நாம் ஒட்ட நினைக்கும் எல்லாப் பொருள்களுக்கும் பயன்படும் ஓர் உண்மை புலப்படும்.

முதலில், இறகு அம்புக்குச் செய்யும் தொண்டு யாது என்று பார்ப்போம். அம்பின் கனம் பெரும்பாலும் முன்பக்கம் இருக்கிறது. முனையின் உலோகமே அதற்குக் காரணம். இறகோ பின்பக்கம் இருக்கிறது. பறக்கும்போது அம்பு சற்றே கோணினால், பின்புறத்து இறகின் மேல் காற்று மோதி வாலைத் திரும்பவும் நேர்வழியிற் கொண்டுவந்து நிறுத்தும். ஓடத்திற்குச் சுக்கான் எப்படியோ, அம்புக்கு இறகு அப்படி. வேறுபாடு ஒன்று உண்டு. சுக்கானைத் திருப்ப ஓர் ஆள் வேண்டும். இறகு தானே திருத்திக்கொள்ளும். ஒரே பறவையின் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து எடுத்த இறகுகளாயின், அவற்றின் இயல்பான வளைவு அம்பைச் சுழலவும் வைக்கும். ஆதலின் இடச்சிறகின் இறகையும் வலச்சிறகின் இறகையும் ஓர் அம்பிற் கலந்து வைப்பதில்லை.

இனி, அந்த இறகு படும் பாட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் அம்பு வில்லை விட்டு நீங்கும்போது விநாடிக்கு 50 மீட்டர் வேகம் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாண் அதனைத் தள்ளும் தொலைவு 55 சென்டிமீட்டர் என்க. அசையாமல் இருந்த அம்பு இவ்வளவு குறுகிய தொலைவில் அவ்வேகத்தை எட்ட வேண்டுமாயின், அதற்குக் கிடைக்கும் காலம் ஒரு விநாடியை 45 கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான். இதற்குரிய முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 230 மடங்கு. இறகின் எடை 0.2 கிராம் என்று கொண்டால், அந்தக் கணத்தில் அது 46 கிராம் எடையுள்ள பொருள்போல் நடந்துகொள்ளும். பின்னுக்கு வழுக்கி ஓடப் பார்க்கும்.

அம்பு இலக்கில் தைக்கும்போது நிலைமை இன்னும் கடுமையானது. 20 சென்டிமீட்டர் தொலைவுக்குள் அது நின்றுவிடுமானால், வேகம் குறையும் அளவு புவியீர்ப்பைப்போல் 600 மடங்கிற்கும் மேற்படும். இப்போது அதே இறகு 120 கிராமுக்கு மேற்பட்ட பொருள்போல் முன்னுக்குப் பாயப் பார்க்கும். ஒரு முறை பின்னுக்கு, ஒரு முறை முன்னுக்கு என ஒவ்வோர் எய்தலிலும் இந்த இரண்டு இழுப்புகளையும் அந்த மெல்லிய பசைக்கோடு தாங்க வேண்டும்.

இத்தோடு முடிந்ததா? இல்லை. நாண் தள்ளும்போது மரக்கோல் விறைத்து நிற்பதில்லை. அது வில்லின் பக்கவாட்டிற் சற்றே வளைந்து, மறுபுறம் நெளிந்து, மீண்டும் வளைந்து, மீன் நீந்துவதுபோல அதிர்ந்துகொண்டே செல்கிறது. விரைவுப் படப்பிடிப்பில் இதனைக் கண்ணாரக் காணலாம். கோல் நெளியும்போது அதன்மேல் ஒட்டியிருக்கும் பசையும் நெளிய வேண்டும். நெளியாத பசை, எவ்வளவு வலிமை உடையதாயினும், விரிசல் கண்டுவிடும்.

இங்கே ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. மரபு முறையில் எய்யும் வில்லாளனுக்கு அம்பு தன் கைமுட்டியின் மேல் உராய்ந்துகொண்டே செல்கிறது. இறகின் முன்முனை ஒட்டு விட்டு மேலெழுந்து நிற்குமானால், அதன் கூரிய ஈர்க்கு அந்த வேகத்தில் கையைக் கிழித்துவிடும். சதையிற் புகுந்து முறிந்துவிடவும் கூடும். ஓர் இறகு கழன்ற அம்பு நேர்வழி தவறிப் பக்கத்திலிருப்பவர் மேற் பாய்வதும் நடக்கக் கூடியதே. ஆகவே பசையைத் தேர்ந்தெடுப்பது அழகைப் பற்றிய கேள்வி அன்று. கையையும் உயிரையும் பற்றிய கேள்வி.

பழங்காலத்தவர் இந்தக் கேள்விக்கு என்ன விடை கண்டனர்? 1991ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையே உள்ள ஆல்ப்ஸ் மலைப் பனியில் ஒரு மனிதனின் உடல் கண்டெடுக்கப்பட்டது. ‘ஓட்ஸி’ என்று உலகம் இன்று அழைக்கும் அம்மனிதன் கி.மு. 3350க்கும் 3100க்கும் இடைப்பட்ட காலத்தில் வாழ்ந்தவன். அவனுடைய அம்பறாத்தூணியில் 14 கோல்கள் இருந்தன. அவற்றுள் 12 வேலை முடியாதவை. இரண்டே இரண்டில்தான் கல்முனையும் இறகும் பொருத்தப்பட்டிருந்தன. அந்த இறகுகளை ஒட்டியிருந்த பொருள், பிர்ச் என்னும் மரத்தின் பட்டையைக் காற்றுப் படாமற் சூடேற்றி எடுத்த கரிய கீல். அந்தக் கீலின் மேல் மெல்லிய நூலைச் சுற்றிச் சுற்றி வரிந்து கட்டியிருந்தார்கள்.

ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்த வேலைப்பாட்டை ஊன்றி நோக்குக. பிர்ச் கீல் சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். நீரில் கரையாது. பனியிலும் மழையிலும் திரியும் வேட்டைக்காரனுக்கு ஏற்ற பசை அது. ஆயினும் அவன் பசையை மட்டும் நம்பவில்லை. நூலையும் துணைக்கு அழைத்தான். பசை இறகைக் கோலோடு சேர்த்து வைத்தது. நூல் அது உரியாமற் பார்த்துக்கொண்டது.

இந்த வேற்றுமையைச் சற்றே விளக்க வேண்டும். உறையில் ஒட்டிய தபால்தலையை ஒரே இழுப்பாகப் பக்கவாட்டில் நகர்த்த முயன்று பாருங்கள், அது அசையாது. ஆனால் அதன் ஓர் ஓரத்தை நகத்தால் நெம்பி எழுப்பிவிட்டால், எளிதில் உரிந்து வரும். பசையின் பரப்பு முழுவதும் சேர்ந்து எதிர்க்கும்போது அதன் வலிமை பெரிது. ஓர் ஓரத்தில் மட்டும் இழுக்கும்போது, அந்த ஓரக் கோடு ஒன்றே முழுச் சுமையையும் தாங்குகிறது. அது அறுந்ததும் அடுத்த கோடு, பிறகு அடுத்த கோடு என்று ஒட்டு வரிசையாகத் தோற்றுவிடுகிறது. அம்பின் இறகு தோற்பது பெரும்பாலும் இப்படித்தான். முன்முனை சிறிது எழும். காற்று அதனடியிற் புகும். பிறகு முழுதும் உரியும். நூற்கட்டு அந்த முதல் எழுச்சியையே தடுத்துவிடுகிறது.

இங்கிலாந்து நாட்டு வில்லாளரும் இதே வழியைப் பின்பற்றினர். அந்நாட்டில் அம்பு செய்வது தனித்தொழிலாக வளர்ந்திருந்தது. லண்டன் மாநகரில் வில் செய்வோரும் அம்பு செய்வோரும் 1371ஆம் ஆண்டில் வெவ்வேறு சங்கத்தினராகப் பிரிந்தனர். எட்டாம் ஹென்றி மன்னனின் ‘மேரி ரோஸ்’ என்னும் போர்க்கப்பல் 1545ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் போர்ட்ஸ்மத் துறைமுகத்தருகே கடலில் மூழ்கியது. 1982ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் அதன் உடற்பகுதியைக் கடலடியிலிருந்து மேலே தூக்கினார்கள். அக்கப்பலிலிருந்து 3,500க்கு மேற்பட்ட அம்புகள் கிடைத்தன. நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட கடல் வாழ்வில் இறகுகள் அழிந்து போயின. ஆனால் இறகு இருந்த இடத்தில் பூச்சின் தடமும், சுற்றிய நூலின் தடமும் அழியாமல் நின்றன. அப்பூச்சு பசுமை கலந்த நிறம் உடையது. அதிலே தேன்மெழுகும் செம்பும் கலந்திருப்பதாக ஆராய்ச்சியாளர் கண்டனர். செம்பின் உப்பு பூச்சிக்கும் பூஞ்சைக்கும் நஞ்சு. இறகை அரிக்கும் பூச்சிகளை விலக்கவே அதனைச் சேர்த்திருக்க வேண்டும் என்று கருதுவது பொருத்தமானது.

அதே 1545ஆம் ஆண்டில் ராஜர் ஆஸ்கம் என்னும் ஆங்கில அறிஞர் வில்வித்தையைப் பற்றி ‘டாக்ஸோஃபிலஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். அம்புக்கு ஏற்றது வாத்தினத்தைச் சேர்ந்த கூஸ் என்னும் பறவையின் இறகே என்று அதில் அவர் வாதிக்கிறார். நீர்ப்பறவையின் இறகு எண்ணெய்ப் பசை உடையது. மழையில் எளிதில் நனையாது. ஆனால் நன்மை இருக்கும் இடத்திலேயே ஓர் இடையூறும் இருக்கிறது. நீரை ஒட்டவிடாத அந்த எண்ணெய், பசையையும் நன்கு ஒட்டவிடாது. ஆதலின் இறகின் நடு ஈர்க்கைத் தேய்த்துத் தட்டையாக்கி, சுத்தம் செய்த பின்னரே ஒட்டுவது தொழில் முறை.

பழைய பசைகளுள் உலகெங்கும் பரவியிருந்தது விலங்குப் பசை. தோலையும் நரம்பையும் எலும்பையும் கொதிக்க வைத்து எடுப்பது இது. நம் நாட்டுத் தச்சர் ‘வச்சிரம்’ என்று வழங்கும் பசையும் இதுவே. வச்சிரத்தை நீரில் ஊற வைத்து, கொதிநீருள்ள பாத்திரத்திற்குள் வேறொரு பாத்திரத்தை வைத்து, அதில் இளஞ்சூட்டில் உருக்குவார்கள். நேரே நெருப்பில் வைத்தால் அதன் வலிமை கெட்டுவிடும். சூடாக இருக்கும்போது அது மரத்தின் நுண்துளைகளிற் புகுகிறது, ஆறியதும் உறைகிறது, உலர்ந்ததும் எஃகுபோல் இறுகுகிறது. மரத்தோடு மரத்தை ஒட்ட இதற்கு நிகர் சிலவே. ஆனால் இதற்கு ஒரு குறை உண்டு. நீரால் இளகிப் பிறந்த பசை நீராலேயே மீண்டும் இளகும். மழைக் காலத்தில் ஈரக் காற்றில் கிடந்த அம்பின் இறகு வழுக்கிவிடும். இங்கேயும் நூல்தான் காவல்.

இனி நாம் பேச வந்த பொருளின் நடுவிடத்திற்கு வந்துவிட்டோம். மரக்கோலை ஈரத்திலிருந்து காப்பதற்காக மனிதன் மெருகைப் பூசினான். ஈரம் புகுந்தால் மரம் கோணும். கோணிய கோல் அம்பாகாது. ஆகவே மெருகு இன்றியமையாதது. ஆனால் மெருகு பூசிய அந்தக் கணமே பசையின் கேள்வி முற்றிலும் மாறிவிட்டது. பசை இப்போது மரத்தைத் தொடுவதே இல்லை. அது தொடுவது மெருகின் மேற்பரப்பை மட்டுமே. மரத்தின் நுண்துளைகள் எல்லாம் மூடப்பட்டுவிட்டன. கண்ணுக்கு மரமாகத் தோன்றுவது பசைக்குக் கண்ணாடி போன்ற வேறொரு பொருள். ‘மரத்துக்கு ஏற்ற பசை எது?’ என்ற கேள்வி இங்கே பொருந்தாது. ‘இந்த மெருகுக்கும் இறகின் ஈர்க்குக்கும் ஏற்ற பசை எது?’ என்பதே கேள்வி.

இதனை இன்னும் தெளிவாகக் காண, வேலை முடிந்த அம்பை அடுக்கடுக்காகப் பிரித்து எண்ணிப் பாருங்கள். அடியில் மரம், அதன்மேல் மெருகு, அதன்மேல் பசை, அதன்மேல் ஈர்க்கு. மரமும் மெருகும் சேரும் இடம் ஒன்று. மெருகும் பசையும் சேரும் இடம் மற்றொன்று. பசையும் ஈர்க்கும் சேரும் இடம் வேறொன்று. ஆக மூன்று இணைப்புகள் உள்ளன. சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே அன்றோ? இம்மூன்றில் எது மெலிந்ததோ அதுவே இறகின் ஆயுளை முடிவு செய்யும். மற்ற இரண்டும் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயன் இல்லை.

பசைகள் இறுகும் வகையை அறிந்தால், எந்த மெருகின்மேல் எது நிற்கும் என்பதை நாமே ஊகிக்கலாம். அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம். ஆறி இறுகுவன, நீர் வற்றி இறுகுவன, கரைப்பான் ஆவியாகி இறுகுவன, ரசாயன மாற்றத்தால் இறுகுவன.

முதல் வகைக்குப் பிர்ச் கீலும் அரக்கும் எடுத்துக்காட்டு. மெருகில்லாத கோலில் இவை நன்கு நிற்கும். மெருகு பூசிய கோலில் இவற்றின் சூடு மெருகையே கெடுத்துவிடக் கூடும்.

இரண்டாம் வகை வச்சிரமும், பள்ளிகளில் நீங்கள் காகிதம் ஒட்டப் பயன்படுத்தும் வெண்பசையும். இவற்றில் உள்ள நீர் வெளியேற வேண்டும். அதன் பிறகே இவை இறுகும். மரத்திலும் காகிதத்திலும் நீர் உறிஞ்சப்படுகிறது. மெருகோ நீரை உறிஞ்சாது. இறகின் ஈர்க்கும் எளிதில் உறிஞ்சாது. இரண்டு மூடிய கதவுகளுக்கு இடையே அகப்பட்ட நீர் எங்கே போகும்? ஓரங்களின் வழியே மெல்ல மெல்லத்தான் வெளியேற வேண்டும். உலர்ந்த பின்னும் பிடிப்பு மேலோட்டமானதே. மரத்தில் தலைசிறந்து விளங்கும் வெண்பசை, மெருகிட்ட அம்பில் தோற்பதற்குக் காரணம் இதுதான். குறை பசையினுடையது அன்று. இடம் அறியாது வைத்தவனுடையது.

மூன்றாம் வகையே மரஅம்பு செய்வோர் நெடுங்காலமாக விரும்பிக் கையாள்வது. நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளை அசெட்டோன் போன்ற கரைப்பானில் கரைத்து, சிறு குழாய்களில் அடைத்து விற்கும் தெளிந்த பசை இது. மரத்தால் விமானப் பொம்மை செய்வோரும் இதனை அறிவர். கரைப்பான் ஆவியாகிப் போனதும், நெளிந்து கொடுக்கும் ஒரு படலம் எஞ்சுகிறது. இதன் சிறப்பு, அடியில் உள்ள மெருகையும் இதன் கரைப்பான் சற்றே இளக்குவதில் இருக்கிறது. நைட்ரோசெல்லுலோஸ் மெருகு பூசிய கோலில் இப்பசையை வைத்தால், மெருகின் மேற்பரப்பு ஒரு கணம் இளகிப் பசையோடு கலந்து, இரண்டும் ஒன்றாக இறுகிவிடும். அங்கே இரண்டாவது இணைப்பு என்று ஒன்று இல்லாமலே போய்விடுகிறது. தமக்குள் வேறுபாடற்று ஒன்றிவிட்ட பொருள்களைப் பிரிப்பது எங்ஙனம்?

ஆனால் இதற்கும் ஓர் அளவு உண்டு. மெருகு நன்கு உலரும் முன்பே பசையை வைத்தாலும், பசையைத் தடிப்பாக அப்பினாலும், கரைப்பான் மெருகுக்குள் ஆழ்ந்து சென்று அதனைச் சுருங்கச் செய்யும், கொப்புளங்கள் எழும். ஆதலின் மெருகை நன்கு உலரவிட வேண்டும். பசையை மெல்லிய கோடாக இட வேண்டும்.

இனி, பாலியூரித்தேன் என்னும் இக்கால மெருகை எடுத்துக்கொள்வோம். இது வெறுமனே உலர்வது அன்று. ரசாயன மாற்றத்தால் வலைபோலப் பின்னி இறுகுவது. ஒரு முறை இறுகிவிட்டால் சாதாரணக் கரைப்பானில் கரையாது. மெருகு என்ற வகையில் இது பெருஞ்சிறப்பு. மழைக்கும் தேய்வுக்கும் அஞ்சாது. ஆனால் கரைப்பான் பசை இங்கே வேர் ஊன்ற முடியாமல், கண்ணாடிமேல் நிற்பதுபோல் நிற்கிறது. சில நாட்களில் பசைக்கோடு முழுவதும் நாடாவைப்போல் கழன்று வந்துவிடுவதும் உண்டு. இதற்குப் பரிகாரம் எளிது. இறகு அமரும் இடத்தை மட்டும் மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை அகற்ற வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத அந்தக் கீறல்களில் பசை புகுந்து பிடித்துக்கொள்ளும். மற்றொன்றும் நினைவில் இருக்கட்டும். இம்மெருகு சில மணி நேரத்தில் கையில் ஒட்டாத நிலையை அடைந்துவிடும். ஆனால் உள்ளே முழுதும் இறுகப் பல நாட்கள் செல்லும். கைக்கு உலர்ந்தது பசைக்கு உலர்ந்ததாகாது.

எண்ணெய் தேய்த்து மெருகேற்றிய கோலுக்கும் இதே பொறுமை வேண்டும். ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கலந்து மெல்ல இறுகுவது. இறுகாத எண்ணெயின்மேல் எந்தப் பசையும் நில்லாது. மெழுகு பூசிய கோலோ இன்னும் மோசம். மெழுகின் இயல்பே ஒன்றையும் ஒட்டவிடாமை. இறகை ஒட்டி, பசை இறுகிய பின்னரே மெழுகு இடலாம். அதற்கு முன் ஆகாது.

நான்காம் வகையில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். ஒன்று, இரு குழம்புகளைக் கலந்து இடும் எபாக்ஸிப் பசை. மற்றொன்று, சில விநாடிகளிற் பிடிக்கும் சயனோஅக்ரிலேட் பசை. ஹாரி கூவர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி கோடாக் நிறுவனத்தில் 1942ஆம் ஆண்டில் இதனை முதலிற் கண்டார். ஆனால் தொட்டதையெல்லாம் ஒட்டுகிறதே என்று அப்போது ஒதுக்கிவிட்டார்! 1951ஆம் ஆண்டில்தான் அந்தத் தொல்லையே ஒரு செல்வம் என்பது புலனாயிற்று. 1958ஆம் ஆண்டு அது கடைக்கு வந்தது. காற்றிலும் பொருள்களின் மேலும் உள்ள சிறு ஈரமே இதனை இறுகச் செய்யப் போதும். ஏறக்குறைய எல்லா மெருகின் மேலும் இது பிடிக்கும். ஆயினும் இறுகிய பின் இது நொறுங்கும் இயல்பு உடையது. அதிர்ச்சிக்கும் உரிப்பதற்கும் அஞ்சுவது. நெளியும் கோலுக்கு நெளியாத பசை என்னவாகும் என்பதை முன்னரே கண்டோம். ஆகவே அம்பு செய்வோர் பலர் இறகின் முழு நீளத்திற்கும் நெளியும் பசையை இட்டு, இரு முனைகளில் மட்டும் இதனை ஒரு துளி வைக்கின்றனர்.

‘இவ்வளவு ஏன்? உள்ளவற்றில் மிக வலிய எபாக்ஸியையே வைத்துவிட்டால் என்ன?’ என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அம்பின் உறுப்புகளுள் முதலில் தேய்வது இறகே. இலக்கில் புகுந்தும், புல்லில் உராய்ந்தும், நனைந்தும், பூச்சி அரித்தும் அது அழியும். கோல் பல ஆண்டு உழைக்கும். இறகோ இடையில் பல முறை மாற்றப்பட வேண்டும். மிக வலிய பசையை அகற்ற முயன்றால் மெருகோடு மரச்சிராயும் பெயர்ந்து வரும். நல்ல கோல் பாழாகும். வேண்டும்போது நிற்கவும், வேண்டாதபோது விலகவும் இசையும் பசையே நற்பசை. இங்கே வலிமை என்பது ஒரு குணம் மட்டுமே. முழுத் தகுதி ஆகாது.

இத்தனை வகை மெருகும் இத்தனை வகைப் பசையும் இருக்க, ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்ய இயலுமா? இயலாது, தேவையும் இல்லை. ஒரு சிறு சோதனை போதும். அம்புக்கோலை வெட்டும்போது மிஞ்சிய துண்டை எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். கோலுக்குப் பூசிய அதே மெருகை அதே நாளில் அதற்கும் பூசுங்கள். அது இறுகியதும், பயனற்ற இறகுத் துண்டுகளை வெவ்வேறு பசைகளால் அதன்மேல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் ஒவ்வொன்றையும் முனையைப் பிடித்து உரித்துப் பாருங்கள்.

இப்போது கவனிக்க வேண்டியது, எவ்வளவு பலமாக இழுத்தோம் என்பது மட்டும் அன்று; எங்கே பிரிந்தது என்பதே. பசை முழுவதும் ஈர்க்கோடு வந்து, மெருகு பழையபடி பளபளத்தால், பசைக்கும் மெருகுக்கும் உறவு இல்லை. மெருகைத் தேய்க்க வேண்டும், அல்லது பசையை மாற்ற வேண்டும். பசை கோலிலேயே தங்கி, ஈர்க்கு மட்டும் சுத்தமாக வந்தால், குறை இறகின் பக்கம். அதிலுள்ள எண்ணெயை அகற்ற வேண்டும். மெருகே பசையோடு பெயர்ந்து வந்து வெறும் மரம் தெரிந்தால், குற்றம் பசையினுடையது அன்று; மெருகு மரத்தைப் பற்றவில்லை. பசை நடுவே பிளந்து இரு புறமும் தங்கினால், அது முழுதும் இறுகவில்லை, அல்லது தடிப்பாக இடப்பட்டது. ஈர்க்கே கிழிந்து வந்தால் மகிழுங்கள். உங்கள் ஒட்டு இறகைவிட வலியது. இதே சோதனையை, துண்டை ஈரத்துணியில் ஓர் இரவு சுற்றி வைத்துப் பிறகும் ஒரு முறை செய்தால், மழைக்காலத்து நிலையும் தெரிந்துவிடும்.

தேர்ந்தெடுத்த பின் ஒட்டும் முறையும் செம்மையாக இருக்க வேண்டும். இறகு அமரும் இடத்தைத் துடைத்த பிறகு அதனைக் கையால் தொடலாகாது. விரலின் எண்ணெயே பசைக்குப் பகை. ஈர்க்கின் அடியில் மெல்லிய கோடாகப் பசையிட்டு, அதற்குரிய கிடுக்கியில் பிடித்துக் கோலின்மேல் அழுத்தி, பசை பிடிக்கும் வரை அசையாமல் விட வேண்டும். மூன்று இறகுகளும் கோலைச் சுற்றிச் சமதூரத்தில் அமைய வேண்டும். அவற்றுள் ஒன்று, குதை எனப்படும் நாண் பொருந்தும் பிளவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இறுதியில் முன்முனையின் ஈர்க்கைச் சாய்வாகச் சீவி, ஒரு துளிப் பசை வைத்து, மெல்லிய பட்டுநூலால் சில சுற்றுச் சுற்றுவது நன்று. ஐயாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அந்த மலைவேட்டைக்காரன் செய்த காவலை நாமும் விட வேண்டியதில்லை. கைக்கு அதுவே கவசம்.

ஓர் எச்சரிக்கை. கரைப்பான் பசைகளின் ஆவி எளிதில் தீப்பற்றும், மூச்சுக்கும் தீங்கு. சன்னல்களைத் திறந்து வைத்து, விளக்குக்கும் அடுப்புக்கும் தொலைவில் இருந்தே இவ்வேலையைச் செய்ய வேண்டும். சயனோஅக்ரிலேட் கண்ணில் தெறிக்காமற் காத்துக்கொள்ள வேண்டும். அது பஞ்சிலும் பருத்தித் துணியிலும் சிந்தினால் சூடு எழும்பிச் சுட்டுவிடவும் கூடும்.

இன்று உலகப் போட்டிகளில் கார்பன் கோல்களும் பிளாஸ்டிக் சிறகுகளும் இடம்பெற்றுவிட்டன. எனினும் மரவில்லையும் மரஅம்பையும் கையாள்வோர் பல நாடுகளில் இருக்கின்றனர். அவர்கள் இறகையே விரும்புவதற்கு ஏற்ற காரணம் உண்டு. கைமேலோ வில்மேலோ உராயும்போது இறகு மடிந்து கொடுக்கும். விறைத்த பிளாஸ்டிக்கோ அம்பை எற்றித் திசை மாற்றிவிடும். ஆதலின் மெருகிட்ட மரத்தில் இறகை ஒட்டும் இந்தச் சிறு கலை பழங்கதை ஆகிவிடவில்லை.

நண்பர்களே! உடைந்த நாற்காலிக் காலையோ, கழன்ற புத்தக அட்டையையோ, அம்பின் இறகையோ நீங்கள் ஒட்ட நேரும்போது, ‘எந்தப் பசை வலியது?’ என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன், ‘இந்தப் பசை உண்மையில் எதைத் தொடப் போகிறது?’ என்று உங்களையே கேளுங்கள். ஒட்டு விட்டுப் போனாலும் பசையை வைதுவிட்டு எறியாதீர்கள். பிரிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்து, எந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த முறை எதைத் திருத்த வேண்டும் என்பது அங்கேயே எழுதியிருக்கும்.